நாலு பேர் சேர்ந்து போட்ட வெற்றிலை

போன மாதம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவைக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ‘பழக்கத்தை மாற்றுவோம், வாழ்க்கையை மாற்றுவோம்’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஓர் ஐயா சுவரில் படம் காட்டினார். மனஉறுதி இருந்தால் எந்தப் பழக்கத்தையும் விட்டுவிடலாமாம். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதுமாம், அப்புறம் ஆசையே வராதாம். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேரால் வாயைத் திறக்க முடியவில்லை. வாய் நிறைய வெற்றிலை. திறந்தால் ஒழுகும்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து போயிருப்பேன். எனக்குப் பிறகு வேலைக்கு வந்திருக்கும் மிட்வைஃப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளைதான். கூட்டம் முடிந்ததும் கேட்டாள்: “மிஸ், நீங்க இத்தன வருசமா இங்க இருந்தீங்களே, ஆளுங்கள எப்படி மிஸ் பழக்கத்த விட வச்சீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்.”

எழுதித் தருகிறேன், தாயே. ஆனால் நீ கேட்டது இதில் இருக்குமென்று நினைக்காதே.

ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன், இங்கேயேதான் பென்சனும் வாங்கினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைப்பேறு பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், தடுப்பூசி போடச் சொல்லிக் கொடுத்தார்கள், ‘ஆலோசனை வழங்குதல்’ என்று ஒரு பாடமும் நடத்தினார்கள். அந்தப் பாடத்தைப் படித்ததற்குப் பதிலாக நான் நாலு நாள் தூங்கியிருக்கலாம்.

உருப்படியாக எனக்குக் கற்றுத் தந்தவர் டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக இருந்த விக்டர் ஐயா. மனுசன் கறார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நோயாளியிடம் ஒருநாளும் கத்தமாட்டார், புத்திமதியும் சொல்லமாட்டார். நான் யாருக்காவது ‘வெற்றிலை போடாதீங்க’ என்று ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். “அது கெடுதின்னு அவளுக்குத் தெரியும் மிஸ்ஸி. தெரியாதது என்னன்னு பாத்து அத மட்டும் சொல்லுங்க” என்பார். சொல்லிவிட்டுப் பின்பக்கம் தண்ணித் தொட்டியடிக்குப் போய்ச் சிகரெட் பற்றவைப்பார். யாராவது வந்தால் அதை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்வார். மறைத்து மறைத்து அவர் உள்ளங்கையில் ஒரு சுட்ட வடுவே இருந்தது. இந்த மனுசனுக்குப் பாடம் நடத்த யார் இருக்கிறார்கள் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆனால் வாய் பார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. எங்கள் பெண்கள் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை கொழுந்து பறிப்பவர்கள். அதனால் எதற்காக டிஸ்பென்சரிக்கு வந்தாலும், காய்ச்சலோ கால் வலியோ, அவர்களின் வாயைப் பார்த்துத்தான் அனுப்புவார். முதலில் வாயைக் கொப்பளிக்கச் சொல்வார். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காரவைப்பார். உதட்டை மடக்கிப் பார்ப்பார். இரண்டு கரண்டிக் காம்பை வைத்து ஒவ்வொரு கன்னத்தையும் விலக்குவார், மேல் ஈறு சேரும் மூலைவரை. நாக்கு நுனியைச் சீலைத் துண்டால் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்து ஓரங்களைப் பார்ப்பார். நாக்குக்கு அடியில், பிறகு அண்ணம். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் சீலையால் மெதுவாகத் தேய்ப்பார். தேய்த்தால் போய்விட்டால் மாவு, சுண்ணாம்பு, ஏதோ ஒன்று. போகாவிட்டால் பேச்சே கிடையாது, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிவிடுவார். ஆற அமரச் செய்வார், அவசரமே இருக்காது. அவர் போன பிறகும் நான் ஒரு வாயையும் அந்த ஒழுங்கு தப்பிப் பார்த்ததில்லை.

அப்படித்தான் பாக்கியத்தின் வாயில் அந்த வெள்ளையைப் பார்த்தேன்.

பாக்கியம் மேல் மலையில் கொழுந்து எடுப்பவள். வாய்க்காரி. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் கங்காணியே ஒதுங்கிப் போவார். அன்றைக்குச் சம்பல் தின்றால் வாய் எரிகிறது என்று வந்தாள். “ரொட்டிய வெறுமனே திங்கிறேன் நர்சம்மா, மொளகா பட்டா உசுரு போவுது.” கன்னத்தை விலக்கினேன். இடதுபக்கம், வெற்றிலை அடக்கும் அதே இடத்தில், வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த சுவர் வெடித்தமாதிரி. தேய்த்தேன். போகவில்லை. சீலையை மாற்றி இன்னொருமுறை தேய்த்தேன். ஏனென்றால் இவளுடைய அக்காவை இதே மாதிரி ஒரு வெள்ளை மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய், அங்கிருந்து பெட்டியில் திருப்பி அனுப்பியிருந்தது.

இரத்தினபுரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். அந்தச் சிங்கள டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: இது இன்னும் புற்றுநோய் இல்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்தினால் இது வற்றிப்போகலாம். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

“ஹரி நோனா. அத இந்தலா கன்னே நே” என்றாள் பாக்கியம். சரி அம்மா, இன்றைக்கிருந்து போடமாட்டேன் என்று. அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பஸ்ஸில் திரும்பும்போது தமிழிலும் சத்தியம் செய்தாள். அவள் அக்காவின் பேரைச் சொல்லிச் செய்தாள். இரண்டு மொழியில் சத்தியம் செய்தவளை நம்பாமல் என்ன செய்வது? நம்பினேன்.

அடுத்த வாரம் கடைக்குப் போன இடத்தில் பார்க்கிறேன், பாக்கியத்தின் புருசன் புகையிலை வாங்கிக்கொண்டிருக்கிறான்.

“யாருக்குய்யா இது?”

“அவளுக்குத்தாங்க. மலைக்குக் கொண்டு போவணுமாம்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராக அவர்களின் வரிசை வீடான லயத்துக்குப் போய்ப் பாக்கியத்தை வெளியே கூப்பிட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. “நான் போடல நர்சம்மா. அவளுகளுக்குக் குடுக்கத்தான். பொயிலை என் பங்குல்ல?”

பங்கு! இந்தப் பங்குக் கணக்கு வெளியாருக்குப் புரியாது, அதனால் சொல்கிறேன். மலையில் தேத்தண்ணி நேரத்துக்கு நாலு பேர், ஐந்து பேர் எனக் கூட்டாக உட்காருவார்கள். ஒருத்தி தனியாக வெற்றிலை போட்டுக்கொள்ளும் பழக்கம் கிடையாது. ஒருத்தி இலை கொண்டு வருவாள், ஒருத்தி பாக்கு, ஒருத்தி சுண்ணாம்பு, ஒருத்தி புகையிலை. எல்லாம் சேர்ந்தால்தான் எல்லாருக்கும் வெற்றிலை. பாக்கியத்தின் கூட்டத்தில் இலை ராமாயியுடையது. அவள் லயத்துக்குப் பின்னால் பலா மரத்தில் கொடி ஏற்றிவைத்திருந்தாள். புகையிலை பாக்கியத்துடையது. அவள் நிறுத்தினால் மற்ற மூன்று பேருக்கும் வாய் வெறும் வாய். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு போனமாதிரி ஆகிவிடும். ஆகவே அவள் ‘போடாமல் கொடுத்துக்கொண்டு’ இருந்தாளாம். எத்தனை நாளைக்கு? பானையைக் கிண்டுகிறவள் ஒருவாய் ருசி பார்க்காமல் இருப்பாளா? இருந்தாள், சில நாள். பிறகு ஒரு மழை நாளில் ராமாயி மடித்து நீட்டினாளாம். நீட்டினதை வேண்டாம் என்றால் மூஞ்சியில் அடித்தமாதிரி இருக்குமாம். வாங்கிப் போட்டுவிட்டாள்.

“ஒன் வாயி பெருசா, ராமாயி மூஞ்சி பெருசா?” என்று கத்தினேன்.  லயத்துச் சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. கங்காணி வேறு அந்த நேரம் பார்த்து, “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க நர்சம்மா” என்று பல்லைக் காட்டினார். அந்தப் பல்லில் பாதி சிவப்பு, மீதி கறுப்பு. இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்!

அப்புறம் மாரியம்மன் திருவிழா வந்தது. பாக்கியம் காப்புக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டால் விரதம். மச்சம் மாமிசம் கிடையாது, வெற்றிலை கிடையாது. இவள் போடாதது பெரிதில்லை, இவளுக்கு யாரும் நீட்டவும் மாட்டார்கள், அதுதான் எனக்கு அதிசயம். காப்புக் கட்டினவளுக்கு வெற்றிலை நீட்டுவது பாவம். புகையிலையை அந்த நாட்களில் வேறொருத்தி கொண்டு வந்தாள். ஒரு சண்டையும் இல்லை, ஒருத்தி மூஞ்சியும் சுருங்கவில்லை. நான் நடுவில் கூப்பிட்டு வாயைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெள்ளை ஓரத்தில் மெலிந்திருந்தது. எரிச்சல் குறைந்து சம்பல் தின்றாள். எனக்கு வந்த சந்தோசத்தில் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

தேர் சுற்றி முடிந்து, காப்பை அறுத்த பூசாரி அதே கையால் பாக்கியத்துக்கு வெற்றிலை பாக்குப் பிரசாதம் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றி, கோவில் வாசலிலேயே வாயில் போட்டாள். மறுநாள் மலையில் புகையிலையோடு போட்டாள்.

பூசாரி தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்ப்பவர். அங்கேயே போய்ப் பிடித்தேன். “அவ வாயில நோவு இருக்குறது ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? ஏன்யா குடுத்தீங்க?”

“நானாங்க குடுத்தேன்? ஆத்தா குடுத்தா. வேணாம்னு ஆத்தாகிட்ட சொல்லச் சொல்றீங்களா?”

 சாமிக்கென்றால் அத்தனை நாள் விட முடிகிறது. சொந்த உயிருக்கென்றால் ஒருநாள் முடியவில்லை. நீங்களெல்லாம் மனுசர்கள்தானா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். கோபத்தில் அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் பாக்கியத்தின் கன்னத்து வெள்ளை திரும்பவும் தடித்தது. கையால் தொட்டால் சொரசொரவென்று இருந்தது. இந்தமுறை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒன் அக்கா எப்படிச் செத்தாள் என்று மறந்துவிட்டாயா, ஒன் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற யார் இருக்கிறார்கள் என்று. எல்லாம் கேட்டுவிட்டுப் பாக்கியம் மெதுவாகச் சொன்னாள்:

“நீங்க ஒருநாளு மலைக்கு வந்து பாருங்க நர்சம்மா. அந்தக் காமணி நேரந்தான் எங்களுக்கு. வெத்தலய விட்டுட்டு நான் யாரோட போயி உக்காருவேன்?”

சரி, பார்த்துவிடலாம் என்று போனேன். கரண்டிக் காம்பு, சீலைத் துண்டு, டார்ச் எல்லாம் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். நாலு பேரும் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ராமாயி மடியில் இலையை விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். ராமாயி பெரிய சிரிப்புக்காரி. என்னைப் பார்த்ததும், “அடி ஆத்தே, பொலிசு வருது, ஒளிச்சு வைங்கடி!” என்றாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பேச்சுக்கு இடம் கொடுத்தால் அவள் என்னை விற்றுவிடுவாள்.

“ஒருத்திக்காக நீங்க மூணு பேரும் கொஞ்ச நாளு நிறுத்துனா என்ன?” என்று கேட்டேன்.

“அட்ட கடிச்சா வெத்தல எச்சியத் துப்பித்தான் நர்சம்மா கழட்டுறோம். வெறும் எச்சிக்கு அட்ட விடுமா?” என்றாள் ராமாயி. அதுவும் உண்மைதான், எங்கள் பக்கத்து மழைக்கு அட்டை சீலைக்குள் ஏறி உறிஞ்சும். வந்த கடுப்பில், “சரி, எல்லாரும் வாயக் கொப்பளிச்சுட்டு வெளிச்சத்தப் பாத்து உக்காருங்க” என்றேன்.

ஒருத்திக்குக் கறை மட்டும். இன்னொருத்திக்கும் அப்படியே. ராமாயி, “எனக்கு ஒண்ணுமில்ல, கடவாப் பல்லு வலிதான்” என்று நழுவப் பார்த்தாள். பிடித்து உட்காரவைத்தேன். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. கரண்டிக் காம்பை ஒருக்களித்து நுழைத்துக் கன்னத்தை விலக்கினேன். கடைவாய்ப் பக்கத்தில் புண். ஓரம் புடைத்து, நடுவில் குழிவிழுந்து, வாடையோடு. அந்தக் குழிக்குள் புகையிலைத் துண்டு ஒன்றைத் திணித்து வைத்திருந்தாள்.

“இது எத்தன நாளா?”

“மழைக்கு முன்னாலருந்து. பொயிலய வச்சா நோவு தெரியல.”

புண்ணுக்கு மருந்தாக வைத்திருக்கிறாள்! புண்ணைக் கொண்டு வந்த சனியனையே எடுத்துப் புண்ணுக்குள் வைத்திருக்கிறாள்! மரத்துப்போவதால் வலி தெரியவில்லை, வலி தெரியாததால் டிஸ்பென்சரிக்கு வரவில்லை. நான் ஏசவில்லை.  அந்தத் துண்டை எடுத்துத் தண்ணி ஓடும் கானில் போட்டுவிட்டு, அன்றைக்கே அவளை இரத்தினபுரிக்கு அனுப்பிவைத்தேன். இரத்தினபுரியிலிருந்து மகரகமைக்கு அனுப்பினார்கள். கன்னத்தை வெட்டி, தொடைச் சதையை வைத்துத் தைத்து, கதிர் வைத்து, என்னென்னவோ செய்தார்கள். அந்தச் சிரிப்பு போய்விட்டது. திரும்பி வந்தபோது கஞ்சியைக் குழாயில்தான் ஊற்ற வேண்டியிருந்தது. பேசினால் யாருக்கும் விளங்காது.

பயந்தாவது பாக்கியம் விட்டிருப்பாள் என்று நினைப்பாய். விட்டாள், கொஞ்ச நாள். பயம் என்பது தீபாவளிச் சீலை மாதிரி, நாலு சலவையில் சாயம் போய்விடும். திரும்பவும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். “மனசு சரியில்ல நர்சம்மா, ராமாயிய நெனச்சா வெத்தல இல்லாம இருக்க முடியல” என்றாள். ராமாயியை நினைத்து வெற்றிலை போடுகிறாளாம்! நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

ராமாயி பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

சாவு வீட்டுக்கு நான் போனேன். எங்கள் பக்கத்தில் சாவு வீடென்றால் வாசலில் வெற்றிலைத் தட்டு இருக்க வேண்டும். வாய்ப் புற்றில் செத்தவளின் சாவிலும் இருந்தது. இலை, பாக்கு, சுண்ணாம்பு, நறுக்கின புகையிலை எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். இலை அவள் வளர்த்த கொடியில் பறித்ததுதான். வந்தவர்கள் துக்கம் விசாரித்துக்கொண்டே எடுத்துப் போட்டார்கள். எனக்கு அந்தத் தட்டை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. துக்க வீட்டில் உதைக்க முடியுமா? கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கோடி போட்டு முடிந்தது. பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். தூக்குவதற்கு முன்னால் செத்தவர் வாயில் இடித்த வெற்றிலை வைப்பது எங்கள் வழக்கம். ராமாயியின் மகள் சின்ன உரலில் இடித்ததை உள்ளங்கையில் உருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். “ஆசயாப் போட்ட வாயி, நல்லா வை தாயி” என்றாள் உறவுக்காரி ஒருத்தி. மகள் குனிந்தாள்.

“வைக்காத!”

பாக்கியம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டாள். மேளம் அடித்தவன்கூட நிறுத்திவிட்டான்.

“அந்த வாயில இனிமே எதயும் வைக்காதீங்க. அவ வாயிக்குள்ள போனது பூராவும் நான் வாங்கியாந்த பொயில. தெனமும் நான் கிள்ளிக் குடுத்தது. எலய அவ குடுத்தா, பாக்கு இந்தா இவ குடுத்தா, சுண்ணாம்பு அந்தா நிக்கிறவ குடுத்தா. நாலு பேரும் சேந்துதான் அவளக் கொன்னோம். செத்த பொறவும் கொல்லாதீங்க.”

ராமாயியின் புருசன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மகள் கையிலிருந்ததைக் கீழே விட்டுவிட்டு, வெறும் அரிசியை மட்டும் இன்னொருமுறை போட்டாள். அப்படியே தூக்கினார்கள்.

அன்றோடு விட்டாள் பாக்கியம். மாரியம்மன் காப்பு அறுந்தபோது திரும்பிய பழக்கம் இந்தமுறை திரும்பவில்லை. ஏன் என்று கேட்கிறாயா மிட்வைஃப் பிள்ளை? உன் கொழும்பு ஐயா சொன்ன மனஉறுதி என்று எழுதிக்கொள்ளாதே. அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொன்னவளிடம் தட்டை நீட்ட இந்தத் தோட்டத்தில் இன்றுவரை ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். மற்றவர்கள் விட்டார்களா என்றும் கேட்காதே. சுடுகாட்டுக்குப் போகும் வழியிலேயே கங்காணி ரோட்டோரம் சிவப்பாகத் துப்பினார். கூட்டத்தில் மிச்சமிருந்த இரண்டு பேரும், “எங்களக் கொலகாரின்னு சொல்லிட்டா” என்று பாக்கியத்தோடு பேச்சை நிறுத்தி, வேறு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அதே சவுக்கு மரத்தடியில் போடுகிறார்கள்.

உன் கூட்டம் முடிந்த மறுநாள் நான் மேல் மலைக்கு நடந்து போனேன். தேத்தண்ணி நேரம். மரத்தடியில் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பாக்கியம் தூரத்தில், கான் ஓரத்துக் கல்லில் தனியாக உட்கார்ந்து போத்தலில் இருந்த வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொல்லி, கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை போய்விட்டது. சதை சிவப்பாக, ஈரமாக, நல்லபடியாக இருந்தது. தேய்த்துப் பார்க்கவும் ஒன்றுமில்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

“என்னடி பாக்கியம், எப்படி இருக்கு?” என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“வாயி நல்லாருக்கு நர்சம்மா. பேசுறதுக்குத்தான் ஆளில்ல.”